வீட்டுச் சமாசாரம்

பிரிந்து வாழ்ந்த கணவன் மனைவியின் பழைய கடிதக்கட்டு ஒன்று கையில் கிடைத்தால், ஏக்கமும் கண்ணீரும் இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் பிரிப்போம். உள்ளே இருப்பது நெல் விலை. மேற்குச் சுவரில் ஊறிய மழைநீர். கணக்கில் தேறாத சின்னவன். வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்ட பக்கத்துக் கொல்லைக்காரர். நாத்தனார் மகளின் மஞ்சள் நீராட்டுக்குச் செய்த சீர், அதற்கு யாரிடம் கைமாற்று வாங்கியது, எப்போது திருப்ப வேண்டும் என்ற விவரம். பதிலில் வருவதும் இதே கணக்கின் மறுபாதிதான். இந்த மாதம் இவ்வளவு அனுப்புகிறேன், அதில் மளிகைக் கடைக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு, அப்பாவின் கண் ஆபரேஷனை அறுவடை முடிந்து வைத்துக்கொள்ளலாம். அன்பைச் சொல்லும் வரி ஒன்று இருந்தால், மடிப்பின் ஓரத்தில், மிச்சமிருந்த இடத்தில், குறுக்காக எழுதப்பட்டிருக்கும்.

இவற்றை வறண்ட கடிதங்கள் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கோ தாம்பத்தியத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் மிக உண்மையானவை இவைதான் என்று படுகிறது. ஒரே கூரையின் கீழ் வாழும் இருவர் ஒரு நாளில் பேசிக்கொள்வதும் பெரும்பாலும் இதைத்தானே. தண்ணீர் வந்ததா, பால் கணக்கு முடிந்ததா, பையனுக்குச் சளி குறைந்ததா. இந்தப் பேச்சு ஓயாமல் நடக்கிறவரை அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது. நடுவில் கடல் வந்துவிட்ட பிறகும் அந்தப் பேச்சை அறுந்துபோக விடாமல் வைத்திருக்க மனிதர்கள் பட்ட பாடுதான் இந்தக் கடிதங்கள். அந்தப் பாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் இன்று பேசும் வசதி முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பெருகியிருக்கிறது; பேச்சு பெருகியிருக்கிறதா என்பது வேறு கேள்வி.

பிரிவு நம் இலக்கியத்துக்குப் புதிதில்லை. அகப்பாடல்களில் தலைவன் பொருள் தேடிப் போவதற்குச் சொல்லப்படும் காரணமே இல்லறம்தான். விருந்தினரைப் பேணவும் இல்லாதவர்க்குக் கொடுக்கவும் பொருள் வேண்டும். வீட்டை நடத்தத்தான் அவன் வீட்டை விட்டுப் போகிறான். கடல்வழிப் பயணம் பெண்ணோடு இல்லை என்று பலரும் பொருள்கொள்ளும் நூற்பா ஒன்று தொல்காப்பியத்தில் இருக்கிறது. போனவன் வரும்வரை இருப்பவள் சுவரில் கோடு கிழித்து நாள் எண்ணுகிறாள். வள்ளுவரின் தலைவிக்கு அப்படி எண்ணியே விரல் தேய்ந்துபோகிறது. காத்திருப்பின் வலியை இவ்வளவு நுட்பமாகச் சொன்ன மொழிகள் குறைவு. ஆனால் அவன் போன பிறகு அந்த வீட்டில் யார் என்ன முடிவு எடுத்தார்கள், கன்றுக்குட்டிக்கு நோய் வந்தபோது என்ன செய்தார்கள் என்பதைப் பாடுவது அந்தக் கவிதைகளின் வேலையாக இருக்கவில்லை. அதை எழுதும் வேலை பிற்காலத்தில் கடிதங்களுக்கு வந்து சேர்ந்தது.

அது உலகத்துக்கே பொது. எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் என்ற ஊரில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளில், கி.மு. 1ஆம் ஆண்டில் ஒரு கூலித் தொழிலாளி தன் மனைவிக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. அவன் பெயர் ஹிலாரியன், அவள் பெயர் அலிஸ். அவன் வேலைக்குப் போயிருப்பது அலெக்சாண்டிரியாவுக்கு. மற்றவர்கள் ஊர் திரும்பி நான் மட்டும் இங்கேயே தங்கினாலும் கவலைப்படாதே, குழந்தையைப் பார்த்துக்கொள், கூலி கைக்கு வந்ததும் அனுப்புகிறேன் என்கிறான். என்னை மறந்துவிடாதீர்கள் என்று அவள் ஆள்மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். உன்னை எப்படி மறப்பேன் என்று அதற்குப் பதில். அதே கடிதத்தில், பிறக்கப் போவது ஆணாக இருந்தால் வைத்துக்கொள், பெண்ணாக இருந்தால் வெளியே போட்டுவிடு என்றும் எழுதியிருக்கிறான். பரிவும் கொடுமையும் ஒரே மையில். வீட்டில் யார் இருக்கலாம் என்பதைக்கூடத் தூரத்தில் இருப்பவன் ஒரு வரியில் முடிவு செய்ய முடிந்திருக்கிறது.

இன்னொன்று சீனத்தின் துன்ஹுவாங் அருகே, பாழடைந்த காவற்கோபுரம் ஒன்றில் 1907இல் தொல்லியலாளர் ஆரெல் ஸ்டைன் கண்டெடுத்த சோக்திய மொழிக் கடிதங்களில் ஒன்று. கி.பி. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். மிவ்னாய் என்ற பெண், தன்னையும் மகளையும் அந்நிய ஊரில் விட்டுவிட்டுப் போன கணவன் நனைதாத்துக்கு எழுதியது. உன் சொல்லைக் கேட்டு, தாயும் சகோதரர்களும் தடுத்தும் உன் பின்னால் வந்தேனே என்று தொடங்கும் கோபம், உன் மனைவியாக இருப்பதைவிட நாய்க்கோ பன்றிக்கோ மனைவியாக இருந்திருக்கலாம் என்ற இடம்வரை போகிறது. கடன் தரவும் ஆளில்லாமல் தாயும் மகளும் அல்லாடுவது அந்தக் கடிதங்களில் தெரிகிறது. அவள் எழுதியது போய்ச் சேரவில்லை. தபால்பை அந்தக் கோபுரத்திலேயே பதினாறு நூற்றாண்டு கிடந்தது. தன் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்க மறந்துவிட்ட ஒருவனுக்கு எழுதப்பட்ட கடிதம் என்பதால் எனக்கு அது தமிழ்க் கடிதம் போலவே ஒலிக்கிறது.

நம் பக்கத்தில் செட்டிநாட்டில் பிரிவு ஓர் ஏற்பாடாகவே இருந்தது. கொண்டுவிற்கப் போவது என்று அவர்கள் சொன்ன பயணத்தில் ஆண்கள் ரங்கூன், மோல்மீன், பினாங்கு, கொழும்பு, சைகோன் கடைகளுக்குப் போனார்கள். ஏஜெண்டாகப் போகிறவருக்கு ஒரு தவணை ஏறக்குறைய மூன்றாண்டு. பெண்கள் ஊரில் இருந்தார்கள். கல்யாணமான மகனை வேறு வைப்பது அங்கே வழக்கம். பெரிய வீட்டின் ஒரே கூரைக்குக் கீழே ஒவ்வொரு இணைக்கும் தனி அடுப்பு, தனி அறை, தனி வரவுசெலவு. இருபது வயதுகூட நிரம்பாத பெண் தன் அடுப்புக்கான அரிசி, பருப்பு, எண்ணெய் முதல் பிள்ளையின் காதுகுத்துவரை கணக்கு வைத்து நடத்தினாள். கடலுக்கு அப்பாலிருந்த அந்தக் கடைகளின் வாழ்க்கையை எழுத நமக்கு நாவலாசிரியர் ப. சிங்காரம் இருந்தார். இந்தக் கரையில் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் வரவுசெலவை எழுத ஒரு சிங்காரம் வரவில்லை.

அந்த ஏற்பாட்டுக்குள் மறைப்பும் இருந்தது. பர்மாவிலும் மலேயாவிலும் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட ஆண்கள் உண்டு. ஊருக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் குடும்பத்துக்கு இடமில்லை. பிறகு 1941 டிசம்பரில் ரங்கூன்மேல் ஜப்பானின் குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. கடிதப் போக்குவரத்து அறுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் கால்நடையாகக் கிளம்பினார்கள். வழியில் இறந்தவர்கள் கணக்கில் அடங்கவில்லை. ஊரில் இருந்தவர்களுக்குத் தாலியைக் கழற்றுவதா, கட்டியிருப்பதா என்று தெரியாத மாதங்கள் அவை. தபால்காரர் தெருவில் திரும்பாத நாள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை நம்மால் இன்று முழுதாக நினைத்துப் பார்க்க முடியாது.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கூத்தாநல்லூரிலும் கடல்கடந்து போகும் ஆணுக்குச் சபராளி என்று பெயர். அந்த வீடுகளின் பெண்கள் பள்ளிக்கூடத்தின் தமிழ் எழுத்தைக் கற்காத காலத்திலும், ஓதப் பழகிய அரபு எழுத்தைக் கொண்டே தமிழை எழுதினார்கள். சபராளிக்குப் போன கடிதங்களில் அரபுத்தமிழில் எழுதியவையும் உண்டு. ஒரு சமூகத்துப் பெண்கள் தங்கள் வீட்டுச் செய்தியைப் பிறர் கைக்குத் தராமல் தாங்களே எழுத ஒரு வழி வைத்திருந்தார்கள் என்பதை நான் பெரிய செய்தியாகவே கருதுகிறேன். ஏனென்றால் மற்ற பல வீடுகளில் அந்த வழி இருக்கவில்லை.

அந்த மற்ற வீடுகளில் கடிதம் என்பது ஊர்ச்சொத்து. கணவனின் கடிதம் அப்பாவின் பெயருக்கு வரும். திண்ணையில் வைத்துத் தபால்காரரோ பள்ளிக்கூடம் போகும் பையனோ உரக்கப் படிப்பார்கள். மனைவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்பாள். அவளுக்கு உரியது கடைசியில் வரும் பொது விசாரிப்பு மட்டும். பதில் எழுதும்போது அவள் ஒரு பையனை உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். எட்டாம் வகுப்புப் பையனிடம் கணவனுக்கான எதைச் சொல்ல முடியும்? மாடு, மழை, மாமியார் உடம்பு, இவற்றைத்தான் சொல்ல முடியும். பணமும் அப்படியே. 1880இல் இந்தியாவில் தொடங்கிய மணியார்டர், படிவத்தின் அடியில் நாலு வரி எழுதக் கொஞ்சம் இடம் விட்டது. அந்தப் படிவம் பெரும்பாலும் மாமனார் பெயருக்கே வந்தது. செய்தி யார் கைக்கு முதலில் போகிறதோ அவரே வீட்டின் அதிகாரி. இதை அந்தக் காலத்து மருமகள்கள் எவருக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1973இல் எண்ணெய் விலை ஏறியதும் வளைகுடா நாடுகள் கட்டத் தொடங்கின. கட்டுவதற்கு ஆள் கேட்டன. தஞ்சைக் கடைமடையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் கொத்தனார்களும் டிரைவர்களும் கம்பி கட்டுகிறவர்களும் போனார்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லீவு. குறைந்த சம்பளக்காரர் குடும்பத்தை அழைத்துக்கொள்ள அந்த நாடுகளின் விசா விதிகள் இடம் தரவில்லை; இன்றும் தருவதில்லை. கல்யாணமாகி நாற்பது நாளில் விமானம் ஏறியவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. அவர்களுடைய தாம்பத்தியத்தின் பெரும்பகுதி தாளில்தான் நடந்தது.

அப்படிப்பட்ட ஒரு கடிதக்கட்டை என் சித்தி தகரப் பெட்டியில் வைத்திருந்தார். சித்தப்பா சவூதியின் தம்மாமில் டிரைவர். அந்தக் கடிதங்களை எடுத்துப் படிக்க இரண்டு பேருமே எனக்கு அனுமதி தந்தார்கள். சித்தியின் கடிதங்களில் ஒரு முறை இருந்தது. நலம், நலமறிய அவா என்று முடித்த உடனே விஷயங்களுக்கு எண் போட்டு எழுதுவார். ஒன்று, பெரியவளுக்குப் பள்ளிக்கூடத்தில் சைக்கிள் வேண்டுமாம். இரண்டு, உங்கள் தங்கை வீட்டுக்காரர் வந்து பத்திரம் கேட்டார், அத்தான் வரட்டும் என்று சொல்லிவிட்டேன். மூன்று, மோட்டார் எரிந்துவிட்டது, காயில் கட்டுவதா, புதிது வாங்குவதா. சித்தப்பாவின் பதிலிலும் அதே எண்கள் வரும். ஒன்றுக்கு வாங்கிக்கொடு. இரண்டுக்கு நீ சொன்னது சரி. மூன்றுக்குப் புதிது வாங்கு, பணம் அனுப்புகிறேன்.

கடிதம் போக இரண்டு வாரம், வர இரண்டு வாரம். ஒரு மாதத்துக்கு வீட்டில் தண்ணீர் இல்லாமல் முடியுமா? சித்தியின் அடுத்த கடிதத்தில் மூன்றாம் எண்ணுக்கு நேரே இருந்தது இதுதான்: "நீங்கள் புதிது வாங்கச் சொல்லியிருந்தீர்கள். உங்கள் கடிதம் வருவதற்குள் காயில் கட்டியாகிவிட்டது. தண்ணீர் நன்றாக வருகிறது. அந்தப் பணத்தில் மேற்குச் சுவரைப் பூசிவிட்டேன்." அதற்குச் சித்தப்பா எழுதிய பதிலில் கோபம் இல்லை. எந்தக் கடையில் காயில் கட்டினாய், எவ்வளவு ஆயிற்று என்று கேட்டிருந்தார். அதன் பிறகு வந்த கடிதங்களில் சித்தி இப்படிச் செய்யட்டுமா என்று கேட்பது குறைந்து, இப்படிச் செய்தேன் என்று சொல்வது கூடுகிறது. சித்தப்பா அதைத் தடுக்கவில்லை. தன் ஊரின் விவரத்தைத் தெரிந்துகொள்ளும் ஆவலில் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். கொத்தனார் யார், சிமெண்டு என்ன விலை, மழைக்குப் பிறகு ஊறல் நின்றதா.

தபாலின் தாமதம் ஒரு பெண்ணை வீட்டின் தலைவியாக்கியது என்று இதைப் படித்தபோது எனக்குப் புரிந்தது. கேரளத்தில் வளைகுடாக் கணவர்களின் மனைவியரை ஆராய்ந்த லீலா குலாட்டி 1993இல் வெளியிட்ட நூலிலும், ஆண்கள் இல்லாத வீடுகளில் பெண்கள் பணம், வங்கி, வெளியுலகம் ஆகியவற்றைக் கையாளப் பழகியது பதிவாகியிருக்கிறது. எங்கள் பக்கத்திலும் டிராஃப்ட் மனைவி பெயருக்கு வரத் தொடங்கிய பிறகுதான் பல பெண்கள் முதன்முதலாக வங்கிப் படியேறினார்கள். 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் வந்து பெண்கள் எழுத்தும் சைக்கிளும் சேர்ந்தே கற்றபோது, சொல்லி எழுதவைக்கும் நிலையிலிருந்து தானே எழுதும் நிலைக்கு வந்தவர்களும் அதில் இருந்தார்கள். தன் கையால் ஒட்டிய உறை கணவனுக்கு மட்டுமே பிரியும் என்று தெரிந்த பிறகு எழுதப்படும் வரி வேறு மாதிரி இருக்கும்.

இதையெல்லாம் சொல்லும்போது கடிதத்தின் காலம் பொற்காலமாகத் தோன்றிவிடக் கூடாது. கடிதத்தில் எழுதாமல் விட்டதும் அவ்வளவு இருந்தது. அவர் அங்கே தனியாகக் கிடந்து கவலைப்படுவார் என்று வீட்டில் இருப்பவள் மறைத்தாள். பிள்ளைக்கு டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் இருந்ததைக் குணமான பிறகே எழுதினாள். சிலசமயம் எழுதவே இல்லை. அடகு வைத்த வளையலைப் பற்றி, மாமியார் சொன்ன சொல்லைப் பற்றி, இரவில் கதவைத் தட்டிவிட்டுப் போனவனைப் பற்றி ஒரு வார்த்தை இராது. அவளுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று அவன் மறைத்தான். மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை என்பதை, பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது என்பதை, விசாவுக்குக் கொடுத்த கடனே இன்னும் அடையவில்லை என்பதை, ஓர் அறையில் பத்துப்பேர் படுத்திருப்பதை. யாருடைய காரின் முன்னாலோ நின்று எடுத்த போட்டோ வீட்டுக்கு வந்தது.

இந்த மறைப்பை அன்பு என்று நாம் கொண்டாடியிருக்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு பெண் மார்பில் தட்டுப்பட்ட கட்டியை, அவர் லீவில் வரட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார். லீவு வந்தபோது வைத்தியத்துக்கான காலம் போய்விட்டிருந்தது. அந்த மனிதர் அதற்குப் பிறகு வெளிநாடு போகவில்லை. அவள் எழுதிய கடிதங்கள் எல்லாவற்றிலும் நலம் என்றுதான் இருந்தது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்வார். நல்லதை மட்டும் கேட்டுவந்தவர், இருபது வருடம் சம்பாதித்துவிட்டுத் திரும்பும்போது தன் வீட்டுக்கே விருந்தாளியாக வருகிறார். பிள்ளைகள் எதற்கு அழுவார்கள், மனைவி எதற்குச் சிரிப்பாள் என்பது அவருக்குத் தெரிவதில்லை. அவர் பட்ட பாடு வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றியதில் இருவருமே அந்நியராகிவிடுகிறார்கள்.

ராணுவக் குடும்பங்களுக்கு இந்தப் பாடம் இன்னும் பழையது. வேலூருக்கு அருகில் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் உண்டு. அவர்களுக்குப் போகும் கடிதத்தின் முகவரியில் ஊர் இருக்காது, 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் எண்தான் இருக்கும். கணவன் எந்த மலையில் நிற்கிறான் என்று தெரியாமலே மனைவி கரும்பு வெட்டியதைப் பற்றி எழுதுவாள். அவனால் தன் நிலையை எழுத முடியாது, எழுதவும் கூடாது. ஆகவே அந்தக் கடிதப் போக்குவரத்து முழுவதையும் வீட்டுச் செய்திதான் தாங்கியது. விதி அவனை வாய் திறக்க விடவில்லை. வளைகுடாக்காரர்களுக்கோ அப்படி ஒரு விதி இல்லை, அவர்களாகவே வைத்துக்கொண்டார்கள்.

அவசரச் செய்திக்குத் தந்தி. அப்பா சீரியஸ், உடனே கிளம்பு என்று வந்தால் அப்பா போய்விட்டார் என்று பொருள் என எல்லோருக்கும் தெரியும். அந்தத் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றது. அதற்கு முன்பே கேசட் வந்துவிட்டது. லீவுக்கு வருகிறவர் கையில் குரலைப் பதிந்து அனுப்புவார்கள்; டேப்ரிக்கார்டரைச் சுற்றி வீடே உட்கார்ந்து கேட்கும், நடுவில் பிள்ளை அழுவதும் சேவல் கூவுவதும் பதிவாகித் திரும்பிப் போகும். மலபாரில் 1977இல் எஸ்.ஏ. ஜமீல் எழுதிய துபாய்க் கடிதப் பாட்டு, கணவனைப் பிரிந்த மனைவியின் கடிதமாகவே அமைந்து அங்கே பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. பிறகு மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத், பிறகு பக்கத்து வீட்டுப் போன், பிறகு மிஸ்டுகால். இப்போது கைக்குள் முகமே தெரிகிறது. அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் பேச முடியாது என்றால் போட்டிம் இருக்கிறது. 2015இல் எடுத்த தமிழ்நாட்டு இடப்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் இருக்கும் தமிழ்நாட்டவர் சுமார் 22 லட்சம் என்றது. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் எங்கள் தெருவில் நடந்தால், வீட்டுக்கு வீடு திண்ணையில் ஒரு கைபேசி வெளிச்சமும் அதில் ஒரு முகமும் இருக்கும்.

இதனால் கிடைத்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிள்ளைக்கு அப்பாவின் முகம் தெரிகிறது. முதல் அடி வைப்பதை அவர் நேரில் பார்க்கிறார். காய்ச்சலை மறைக்க முடியாது, குரலே காட்டிக்கொடுத்துவிடும். 2020 மார்ச்சில் கொரோனாவால் விமானங்கள் நின்று, மே மாதம் சிக்கியவர்களை அழைத்துவர வந்தே பாரத் விமானங்கள் கிளம்பும்வரை, பலர் பெற்றோரின் இறுதிச் சடங்கை அந்தச் சிறு திரையில்தான் பார்த்தார்கள். அதுவும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே முடியவில்லை.

ஆனால் இழந்ததும் உண்டு. தபாலின் தாமதம் தந்த அதிகாரத்தைக் கைபேசி திருப்பி வாங்கிக்கொண்டது. மோட்டார் எரிந்தால் இப்போது அதை வீடியோவில் காட்ட வேண்டும். எலக்ட்ரீஷியனிடம் போனைக் கொடு என்று அவர் அங்கிருந்தே பேசி முடிக்கிறார். சேலைக் கடையில் நின்றபடி மூன்று சேலைகளை விரித்துக் காட்டச் சொல்கிறார். எங்கே போயிருந்தாய், போன் ஏன் எடுக்கவில்லை, பின்னால் யார் குரல் என்ற கேள்விகள் வருகின்றன. ஒரு நாளைக்கு ஆறு முறை பேசும் வீடுகளில், ஆறு முறையும் மனைவி கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இருவரும் சேர்ந்து நடத்தும் குடும்பத்தில் செய்தி இரு பக்கமும் போகும். மேலாளருக்கும் வேலையாளுக்கும் நடுவில்தான் அது ஒரே பக்கமாகப் போகும். ஆயிரத்தெண்ணூறு மைலுக்கு அப்பாலிருந்து கேட்கப்படும் எவ்வளவு செலவாயிற்று என்ற கேள்வி, அவர் குரலில் ஆவல் இருந்தால் உறவு, சந்தேகம் இருந்தால் தணிக்கை. சித்தப்பாவும் காயில் கட்டிய செலவைக் கேட்டார். ஆனால் அவர் மனைவி எடுத்த முடிவு நின்றது.

மனைவி போய்க் கணவன் இருக்கும் வீடுகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். இலங்கையிலிருந்து பல ஆண்டுகளாக வீட்டுவேலைக்கு வளைகுடா போகும் பெண்களில் மலையகத் தமிழ்ப் பெண்களும் உண்டு. வேறொருவர் வீட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டு, இரவில் தன் பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்கிறாள். அவள் கையில் போன் இருக்கும் நேரத்தையும் எஜமானிதான் முடிவு செய்கிறாள். அனுப்பிய பணம் பிள்ளையின் படிப்புக்குப் போனதா, கள்ளுக்குப் போனதா என்று கேட்க அவளுக்கு உரிமை இருந்தும் ஊர் அந்த உரிமையை ஒப்புவதில்லை. சம்பாதிக்கிற ஆண் கேட்டால் பொறுப்பு, சம்பாதிக்கிற பெண் கேட்டால் அதிகாரம் என்று பேசும் ஊர் அது. வீட்டுச் செய்தியைக் கேட்கும் உரிமை சம்பளத்தால் வருவதில்லை என்பதற்கும், சம்பளத்தால் போவதில்லை என்பதற்கும் அந்தப் பெண்களின் நிலையே சாட்சி. அது அந்த வீட்டில் பங்கு இருப்பதால் வருகிறது.

ஆகவே பிரிந்திருக்கும் எல்லாத் தம்பதியருக்கும் நான் சொல்ல விரும்புவது சிறிய விஷயம். வெளியில் இருப்பவரே, இன்று ராத்திரி கூப்பிடும்போது என்ன சமைத்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை இருங்கள். அம்மாவின் முழங்கால் வலி, சின்னவனின் ஹோம்வொர்க், தெருக்குழாய்ச் சண்டை, இவற்றைச் சலிப்பூட்டும் பேச்சு என்று தள்ளாதீர்கள். உங்கள் வீடு உங்களுக்குக் கிடைப்பது அதன் வழியாகத்தான். உங்கள் அறையில் ஏ.சி. ஓடவில்லை, சம்பளம் தள்ளிப்போகிறது, இன்று மனசு சரியில்லை என்பதையும் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவரே, காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்று அன்றைக்கே சொல்லுங்கள். வளையல் அடகில் இருந்தால் அடகில் இருக்கிறது என்று சொல்லுங்கள். எடுத்த முடிவை எடுத்துவிட்டேன் என்று சொல்லுங்கள். கேட்டவர் அந்த முடிவை மதிக்கட்டும். கெட்ட செய்தியால் குடும்பங்கள் உடைந்து நான் அதிகம் பார்த்ததில்லை. சொல்லாமல் விட்ட செய்தியால் உடைந்தவற்றைப் பார்த்திருக்கிறேன்.